துறுதுறுன்னு இருக்கற பசங்கதான் போதைக்குப் போவாங்களா? குணத்துக்கும் இதுக்கும் நெஜமாவே சம்பந்தம் இருக்கா?

செல்வி_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், இப்பதான் மொத தடவையா ஒண்ணு கேக்கறேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க, பொண்ணு பதினொண்ணாவது, பையன் ஒம்பதாவது. போன வாரம் பையன் ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் வெச்சாங்க, ஒம்பதாவது பசங்க ரெண்டு பேர் பேக்ல கூல் லிப் பாக்கெட் (உதட்டுக்குள்ள அடக்கி வெக்கற புகையிலைங்க) இருந்துச்சாம். எங்க பையன் இல்லீங்க, ஆனா அதுல ஒருத்தன் இவங்கூட டியூஷன் போறவன். அன்னைலருந்து எனக்கு மனசே சரியில்ல.

ஏன்னா எங்க பையன் சின்னதுலருந்தே ஒரு மாதிரிங்க. கெணத்துல குதிக்கறதுன்னா மொத ஆளா நிப்பான், சைக்கிள்ல முன் வீலத் தூக்கிட்டு ஓட்டுவான், ஒரே வேலைய அரை மணி நேரம் செய்யச் சொன்னா முடியாது, எதையும் செஞ்சுட்டுத்தான் யோசிப்பான். ஆனா பாசமான பையன், பொய் சொல்லத் தெரியாது. எங்க அண்ணன் குடிச்சே உடம்பக் கெடுத்துட்டாரு, இப்ப மாமியாரு, நாத்தனாரு எல்லாம் "அப்படியே மாமன உரிச்சு வெச்சிருக்கான், இந்த மாதிரி அடங்காத பசங்கதான் கடைசில அங்க போய் நிப்பானுங்க"ன்னு அவன் காது படவே சொல்றாங்க. பொண்ணு அப்படியில்லீங்க, அமைதி, படிப்பு, ரூம்ல உக்காந்தா உக்காந்ததுதான், அவளப் பத்தி ஒரு கவலையும் இல்ல.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதாங்க, பொறந்த குணத்துக்கும் போதைக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணி சொல்லிருக்காங்களா, இல்ல சும்மா ஊர்ல பேசிக்கறதா? இருக்குன்னா நாங்க இப்ப என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ராஜபாளையம்_அப்பா

குணம் அது இதுன்னு எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எங்க காலத்துல அப்பா ஒரு பார்வை பார்த்தா போதும், கை கால் நடுங்கும். இப்ப யாரும் கண்டிக்கிறதே இல்ல, செல்போனையும் வண்டியையும் கையில குடுத்துட்டு அப்புறம் குணத்து மேல பழியப் போடுறது. பையன் எங்க போறான் யார்கூட சுத்துறான்னு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திப் பாருங்க, பேக்க தெனம் செக் பண்ணுங்க, டியூஷன மாத்துங்க, தானா சரியாயிரும்.

---

மதுரை_கவுன்சிலர்

வணக்கம் சகோதரி. நான் ஸ்கூல் கவுன்சிலரா வேல பாக்குறேன், கொஞ்சம் பெருசாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

சம்பந்தம் இருக்கு. ஆராய்ச்சியும் நெறைய இருக்கு. ஆனா உங்க வீட்ல பேசிக்கிற மாதிரி "அடங்காத பையன் = குடிகாரன்"ங்குற கணக்கு கெடையாது. கனடால பட்ரிசியா கான்ராடுன்னு ஒரு பேராசிரியர், மொன்றியல் யுனிவர்சிட்டில இருக்காங்க, அவங்களும் கூட இருக்கவங்களும் ரொம்ப வருஷமா இதையேதான் ஆராய்ச்சி பண்றாங்க. பதின்வயசுல போதைக்குள்ள இழுத்துட்டுப் போற குணம் நாலுன்னு அவங்க பிரிக்கிறாங்க. ஒண்ணு த்ரில் தேடுறது, உங்க பையன் கெணத்துல குதிக்கிறான்ல அது. ரெண்டாவது, யோசிக்கிறதுக்கு முன்னாடியே கை செஞ்சுருது பாருங்க, இம்பல்சிவ்னு சொல்லுவாங்க. இந்த ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு கெடையாது. மலை ஏறுறவன், ஸ்டண்ட் பண்றவன் எல்லாம் த்ரில் தேடுறவன்தான், ஆனா கயித்தப் பத்து தடவ செக் பண்ணிட்டுத்தான் ஏறுவான்.

மூணாவது ஒரு மாதிரியான பயம். சாதாரண பதட்டம் இல்ல, பதட்டம் வந்தா உடம்புல நடக்குறதப் பார்த்துப் பயப்படுறது. நெஞ்சு படபடன்னு அடிச்சா ஹார்ட்டுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நினைக்கிறது, தலை சுத்துனா மயங்கி எல்லார் முன்னாடியும் விழுந்துருவோமோன்னு நினைக்கிறது. நாலாவது, எது செஞ்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கையில்லாமை, தன் மேலயே ஒரு வெறுப்பு.

இந்த நாலு பேரும் ஒரே பாட்டில எடுத்தாலும் நாலு காரணத்துக்கு எடுக்குறாங்க, அதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. த்ரில் பையனுக்கு கூட்டமும் கிக்கும் வேணும், பார்ட்டில ஒரேயடியா நெறையக் குடிக்கிறது, கஞ்சா இழுத்துப் பாக்குறது எல்லாம் இந்தப் பக்கம் அதிகம். இம்பல்சிவ் பையன் யாராச்சும் நீட்டுனா வாங்கிருவான், வேணாம்னு சொல்லணும்னு ஞாபகம் வர்றப்ப வாய்க்குள்ள போயிருக்கும், இதுல ஒண்ணு இல்ல பல போதை கலந்து வரும், அடிதடி, திருட்டுன்னும் சேர்ந்து வரும். பயப்படுற பிள்ளை அந்தப் படபடப்ப அமுக்குறதுக்கு எடுக்கும். நம்பிக்கையில்லாத பிள்ளை வலிய மறக்குறதுக்கு எடுக்கும், தனியாவும் எடுக்கும். அதனால எல்லாப் பிள்ளைகளையும் பிரேயர் கிரவுண்ட்ல உக்கார வெச்சு போதை உடம்புக்குக் கேடுன்னு ஒரே ஸ்பீச் குடுத்தா யாருக்கும் ஒட்டாது. அமெரிக்கால 1983ல லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் டேர்னு ஒரு புரோகிராம் ஆரம்பிச்சாங்க, போலீஸ்காரரே கிளாசுக்கு வந்து பாடம் எடுப்பாரு, நாடு பூராவும் பரவுச்சு, ஆனா ஆராய்ச்சி மேல ஆராய்ச்சி பண்ணியும் அந்தப் பழைய பாடத்தால பிள்ளைங்க எடுக்குறது பெருசா ஒண்ணும் கொறையலன்னுதான் வந்துச்சு.

ஸ்டாஃப் ரூம்ல தெனம் கம்ப்ளெயின்ட் வர்றதெல்லாம் மொத ரெண்டு குணத்துப் பசங்க மேலதான். மத்த ரெண்டு குணமும் பின் பெஞ்சுல சத்தமில்லாம உக்காந்திருக்கும், "நல்ல பிள்ளை"ன்னு பேரு வாங்கிட்டு. யாரும் அவங்களப் பாக்க மாட்டாங்க.

ராஜபாளையம் அண்ணன் சொன்னதுக்கும் ஒரு வார்த்த. பையன் எங்க இருக்கான்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்குறது நூத்துக்கு நூறு சரி, தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்க போதைக்குப் போறது கம்மிதான். ஆனா அந்த விஷயம் பெத்தவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு ஸ்வீடன்ல ஸ்டாட்டின், கெர்னு ரெண்டு பேர் 14 வயசுப் பிள்ளைங்கள வெச்சுப் பார்த்தாங்க, 2000ல அது வெளிய வந்துச்சு. துருவித் துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ பெத்தவங்க தெரிஞ்சுக்கிட்டது கம்மி, பிள்ளையே வந்து சொன்னதுனால தெரிஞ்சதுதான் அதிகம். தெனம் பேக்கக் கொட்டிப் பார்த்தா அந்த வாய் மூடிரும் அண்ணே. செல்வி சகோதரி பையன் பொய் சொல்லத் தெரியாதவன்னு சொல்றாங்க, அந்த வீட்டுக்கு அதவிடப் பெரிய காவல் கெடையாது.

---

ராஜபாளையம்_அப்பா

அடிக்கணும்னு நான் சொல்லலையே. ஆனா மூணு வயசுலயே தெரிஞ்சிரும் எந்தப் பிள்ள எப்படிப் போகும்னு, அஞ்சுல வளையாதது அம்பதுலயா வளையப்போகுது.

---

மதுரை_கவுன்சிலர்

அண்ணே நீங்க சொல்ற அந்த மூணு வயசுலருந்தே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு. நியூசிலாந்துல டுனெடின்னு ஒரு ஊரு, 1972–73ல அங்க பொறந்த 1037 பிள்ளைகள மூணு வயசுலருந்து இன்னைக்கு வரைக்கும் பின்தொடர்ந்து பாத்துட்டு வர்றாங்க. சின்ன வயசுல தன்னக் கட்டுப்படுத்திக்க முடியாத பிள்ளைகளுக்கு 32 வயசுல போதைப் பழக்கம், உடம்புக் கோளாறு, பணக் கஷ்டம் எல்லாமே அதிகமா இருந்துச்சு, அது உண்மை, ஒத்துக்கிறேன். ஆனா அதே ஆராய்ச்சில இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. இடையில வளர்ற காலத்துல அந்தக் கட்டுப்பாடு கூடிப்போன பிள்ளைக 32 வயசுல எதிர்பார்த்தத விட நல்லா இருந்தாங்க, அதாவது வளையுது. அப்புறம், அந்தக் கெடுதல்ல ஒரு பங்கு பதின்வயசுல மாட்டிக்கிட்ட கண்ணிகளால வந்தது, 15 வயசுக்குள்ள சிகரெட்டத் தொட்டது, படிப்ப பாதில விட்டது இந்த மாதிரி. அந்தக் கண்ணில கால் வைக்காம அந்தச் சில வருஷத்தக் கடத்திட்டா ரிஸ்க் கொறையுது.

வயசு எவ்வளவு முக்கியம்னா, அமெரிக்கால 1997ல வந்த ஒரு பெரிய கணக்குல 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேர் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குடிக்கு அடிமையாயிருந்தாங்க, 20 வயசுக்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல 10 சதவீதம். சீக்கிரம் ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு குணத்துலயும் வீட்லயும் ஏற்கனவே வேற சிக்கல் இருக்கும், அதனால வயசு ஒண்ணு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனாலும் தள்ளிப்போடுற ஒவ்வொரு வருஷமும் லாபம்தான். கிக்கு தேடுற மூளைப் பகுதி 13, 14லயே முழு வேகத்துல ஓட ஆரம்பிச்சிரும், நிறுத்து யோசின்னு சொல்ற முன்மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், நாம அந்த இடைவெளியத்தான் சமாளிக்க வேண்டியிருக்கு.

---

மொன்றியல்_தமிழிச்சி

வணக்கம் தங்கச்சி. மதுரைத் தம்பி சொன்ன அந்த நாலு குணத்தையும் வைச்சு அந்தப் பேராசிரியர் செய்த பள்ளிக்கூடத் திட்டம் பெரிசா நடந்தது எங்கட ஊரிலதான், அதால எனக்குத் தெரிஞ்சதையும் எழுதிறன். பிறிவென்சர் எண்டு பேர். மொன்றியலிலயும் சுத்துவட்டாரத்திலயும் 31 பள்ளிக்கூடத்தில செய்தவை, செகண்டரி 1ல, அதாவது 12, 13 வயசுப் பிள்ளையளோட தொடங்கி அஞ்சு வருசம் பின்னால போய்ப் பார்த்தவை.

முதல்ல 23 கேள்வி உள்ள ஒரு சின்னக் கேள்வித்தாள் குடுப்பினம். அதில அந்த நாலு குணத்தில ஏதாவது ஒண்டு மற்றப் பிள்ளையளை விடக் கூட இருக்கிறவையைக் கூப்பிடுவினம். கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளையள் ஏதோ ஒண்டில வந்திடுவினம், அதால இது ஏதோ கெட்ட பிள்ளையளைப் பொறுக்கி எடுக்கிற வேலை எண்டு நினைக்காதேங்கோ. ஒரே குணம் உள்ள பிள்ளையள் ஒண்டாய் இருந்து ஒண்டரை மணித்தியாலம் கதைப்பினம், அப்பிடி ரெண்டு தரம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து ஆக்களே பயிற்சி எடுத்து நடத்தலாம்.

அங்க போதைப்பொருளைப் பற்றிக் கதைக்கிறது மிச்சம் குறைவு. உன்ர குணம் இது, இதில உனக்கு நல்லதும் இருக்கு, இது உன்னை எந்தெந்த நேரத்தில எங்க இழுத்துக்கொண்டு போகுது, அந்த நேரம் மனசில என்ன ஓடுது, உடம்பில என்ன நடக்குது, நீ என்ன செய்யிறாய், வேற என்ன செய்திருக்கலாம், இதைத்தான் தங்கட சொந்த வாழ்க்கையில நடந்ததுகளை வைச்சுக் கதைப்பினம். அடுத்தவனும் தன்னைப் போலத்தான் எண்டு தெரிஞ்சாலே சில பிள்ளையளுக்குப் பாதிப் பாரம் குறைஞ்சிடும். உனக்கு இந்த ஆபத்து இருக்கு எண்டு பிள்ளையின்ர முகத்துக்கு நேர ஒருத்தரும் சொல்லுறேல்ல.

அஞ்சு வருசத்துக்குப் பிறகு பார்த்தா, பிள்ளையள் வளர வளர போதைப் பிரச்சினை கூடிக்கொண்டு போறது எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இருந்தது, ஆனா இந்த வகுப்பு நடந்த பள்ளிக்கூடங்களில அது கூடின வேகம் குறைவு. 2025லதான் அந்த முடிவு வந்தது. ரெண்டு வகுப்புக்கு அது சின்ன விசயமில்லை. முந்தி லண்டன் பள்ளிக்கூடங்களில இதே திட்டத்தைச் செய்யேக்க இன்னொண்டும் கண்டவை, வகுப்புக்கே வராத மற்றப் பிள்ளையளும் கொஞ்சம் குறைவாக் குடிச்சவை, ஏனெண்டா கூட்டாளிமாரில குடிக்கிறவையின்ர தொகை குறையேக்க மற்றவைக்கும் இழுவை குறையுது.

இஞ்ச எங்கட சனம் இப்பிடி ஒரு கடிதம் பள்ளிக்கூடத்தில இருந்து வந்தா உடன பயந்திடும், என்ர பிள்ளையை ஏன் கூப்பிடுகினம், ஊர் என்ன சொல்லும் எண்டு. நான் கனக்கத் தாய்மாருக்குச் சொன்னது, கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ எண்டுதான். தங்கச்சி, உங்கட மாமியாரும் மச்சாளும் பிள்ளையின்ர காது கேட்கக் கதைக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. அந்தப் பிள்ளையிட்ட நாலாவது குணம் இண்டைக்கு இல்லை, நான் உருப்படமாட்டன் எண்ட எண்ணத்தை நாங்களே ஊட்டி வளர்க்கக் கூடாது.

---

பேர்_வேண்டாம்_திருச்சி

மதுரை சார் சொன்ன மூணாவது குணம்னு ஒண்ணு, அத நான் இங்க எழுதியே ஆகணும், ஏன்னா அது நான்தான்.

ஸ்கூல்ல நான் முதல் பெஞ்ச். ஒரு டீச்சரும் என்னப் பத்தி வீட்டுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் அனுப்புனது கெடையாது. ஆனா கிளாஸ்ல எந்திரிச்சுப் படிக்கச் சொன்னா நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே காதுல கேக்கும், கை சில்லுன்னு ஆயிரும், அந்த அடிப்பு வந்துருமோங்குற பயத்துலயே முந்துன நாள் ராத்திரி தூங்க மாட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. என்னன்னு சொல்றது? இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல ஒரு வைவாவுக்கு முன்னாடி ரூம்மேட் ஒரு கட்டிங் குடுத்தான், குடிச்சுட்டுப் போனேன், வாழ்க்கையிலயே மொத தடவையா நெஞ்சு அமைதியா இருந்துச்சு. எனக்கு கிக்கு ஒண்ணும் வேணாம், அந்த அமைதிதான் வேணும், அதுக்குத்தான் அப்புறம் ஒவ்வொரு தடவையும். பிரச்சினை என்னன்னா அடுத்த நாள் காலைல சரக்கு எறங்குறப்ப அதே படபடப்பு ரெண்டு மடங்கா வரும், அத அடக்க திரும்பவும், அப்புறம் அதோட மாத்திரையும் சேர்ந்துக்கிச்சு. ஒரு கட்டத்துல வேலைக்குப் போக முடியல.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலதான் சேர்த்தாங்க. டிஸ்சார்ஜ் ஆனப்பறம் அங்க இருந்த சைக்காலஜிஸ்ட் ஒருத்தங்க எனக்கு செஞ்ச ட்ரீட்மென்ட் என்ன தெரியுமா, மாடிப்படில வேகமா ஏறி எறங்கச் சொன்னாங்க. மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், அப்ப அப்படியே உக்காந்து அத கவனிக்கச் சொன்னாங்க, ஓடாம, அமுக்காம. சின்ன ஸ்ட்ரா வழியா மூச்சு விடச் சொன்னாங்க, ஒரே எடத்துல நின்னு சுத்தச் சொன்னாங்க தலை சுத்தல் வர்றதுக்கு. வேணும்னே அந்த உணர்ச்சிய வரவெச்சு, அது தானா அடங்குறத திரும்பத் திரும்பப் பாத்தா மூளைக்கு இது ஆபத்தில்லன்னு புரிஞ்சிருது. இத எனக்கு 14 வயசுல யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா நான் அந்த கட்டிங்க தொட்டிருக்கவே மாட்டேன்னு இன்னைக்கும் நம்புறேன்.

அதனால செல்வி அக்கா, பையனப் பத்தி மட்டும் கேட்டிருக்கீங்க. பொண்ணு ரூம்ல உக்காந்தா உக்காந்ததுதான், கவலையே இல்லன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியப் படிச்சப்பதான் எனக்குத் திக்குன்னுச்சு.

---

கரூர்_பி.இ.டி

நான் உடற்கல்வி ஆசிரியர். த்ரில் தேடுற பசங்களப் பத்தி மட்டும் சொல்றேன், அதுதான் எனக்குத் தெரியும். இந்தப் பசங்களுக்கு சலிப்புங்குறது மத்தவங்களுக்கு மாதிரி இல்ல, உடம்பு வலி மாதிரி, சும்மா உக்காரவே முடியாது. அந்தப் பையன டியூஷன் டியூஷனா உக்கார வெச்சு, பி.டி. பீரியட மேத்ஸ் டீச்சருக்குக் குடுத்துட்டு, சாயங்காலம் கிரவுண்ட பூட்டிட்டா அவன் எங்க போவான்? பெட்டிக்கடைக்குப் பின்னாடிதான் போவான். எங்க ஸ்கூல்லயே ரொம்ப சேட்டை பண்ண பசங்க ஹர்டில்ஸ்லயும் போல்வால்ட்லயும்தான் நல்லா வந்தாங்க, கபடில ரெய்டு போறதுக்கு இந்தப் பசங்கள விட்டா ஆள் கெடையாது.

ஐஸ்லாந்து நாட்டுக் கதைய நான் எல்லா மீட்டிங்லயும் சொல்லுவேன். 1998ல அங்க 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் அதுக்கு முந்தின ஒரு மாசத்துல ஒரு தடவையாச்சும் போதையாகுற அளவுக்குக் குடிச்சிருந்தாங்க, 2016ல அது 5 சதவீதம். தெனம் சிகரெட் பிடிக்கிறவங்க 23ல இருந்து 3 சதவீதம். அரசாங்கமே காசு குடுத்து விளையாட்டு, மியூசிக், டான்ஸ்னு பசங்கள சாயங்காலம் கோச் இருக்கற எடத்துல சேர்த்தாங்க, 13ல இருந்து 16 வயசுப் பசங்க குளிர்காலத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல வெளிய சுத்தக்கூடாதுன்னு சட்டம், பெத்தவங்க எல்லாம் சேர்ந்து நம்ம புள்ளைங்களுக்கு இந்த விதி இந்த விதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. ஒண்ண கவனிக்கணும், கோச் இல்லாம பசங்களா கூடி விளையாடறது மட்டும் காப்பாத்தாது, மேட்ச் முடிஞ்சு பசங்க எங்க போறாங்கன்னு பார்க்க ஒரு பெரியவர் வேணும். டோர்னமென்ட் ஜெயிச்சா பீர் வாங்கிக் குடுக்கற சீனியர் இருக்கற டீம்ல சேர்த்துட்டு பையன் ஸ்போர்ட்ஸ்ல இருக்கான்னு நிம்மதியா இருந்துராதீங்க.

உங்க பையன நீச்சல்ல சேர்த்து விடுங்க. கெணத்துல குதிக்கறவனுக்கு டைவிங் கத்துக் குடுத்தா அவனப் பிடிக்கவே முடியாது.

---

செல்வி_திருப்பூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. திருச்சி தம்பி எழுதுனதப் படிச்சுட்டு நேத்து சாயங்காலம் பொண்ணுகிட்ட உக்காந்து பேசுனேன். மொதல்ல ஒண்ணும் இல்லம்மான்னா. அப்புறம் அந்த மொபைல்ல திருச்சி தம்பி எழுதுனத அப்படியே அவகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு அழுதுட்டா. பரிட்சைன்னா ஒரு வாரத்துக்கு முன்னாடியே நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுருதாம், மூச்சு முட்டுதாம், செத்துருவோமோன்னு இருக்குமாம். மாமியாருக்குத் தூக்கத்துக்குன்னு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு, அதுல இருந்து அரை அரையா எடுத்துப் போட்டிருக்கா, காலாண்டுப் பரிட்சை அப்பவும் போட்டிருக்கா, போன மாசம் செமினார் எடுக்கறப்பவும் போட்டிருக்கா. எங்க யாருக்குமே தெரியாதுங்க. நான் பையன் பேக்க எடுத்துப் பாத்துட்டு இருக்கேன், இவ பாட்டி டப்பால இருந்து எடுத்திருக்கா.

திட்டலீங்க. கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. அந்த 23 கேள்வி எங்க கெடைக்கும், ரெண்டு பேருக்கும் வீட்லயே போட்டுப் பாக்கலாமுங்களா? அவங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

---

மதுரை_கவுன்சிலர்

திட்டாம இருந்தீங்க பாருங்க, அதுவே பெரிய காரியம் சகோதரி. பொண்ணு தானா வாயத் தொறந்து சொல்லியிருக்கா, அந்தக் கதவு மூடாம பாத்துக்கோங்க.

கேள்வித்தாள் வீட்ல வேணாம். அது குழந்தைக்கு முத்திரை குத்துறதுக்கு செஞ்சதில்ல, ஒரு ஸ்கூல்ல எந்தப் பிள்ளைக்கு எந்த மாதிரி உதவி பொருந்தும்னு பிரிக்கிறதுக்குச் செஞ்சது. நீங்க மார்க் போட்டுப் பார்த்துட்டு மாமியாருக்குத் தெரிஞ்சா "பாத்தியா பேப்பர்லயே வந்துருச்சு"ன்னு ஆயிரும். மார்க் அதிகம் வந்த பிள்ளைகள்ல பெரும்பாலான பேர் அடிமையாக மாட்டாங்க. உங்க அண்ணன் விஷயமும் அப்படித்தான், குடிக்கு அடிமையாகிறதுல கிட்டத்தட்டப் பாதி பங்கு பரம்பரைன்னு சொல்றாங்க, அது ரிஸ்க்கக் கூட்டும், விதிய எழுதாது. அத பையன்கிட்ட மறைக்காம நேரா சொல்லலாம், மாமாவுக்கு இந்த உடம்பு வாகு இருந்துச்சு, நமக்கும் இருக்கலாம், அதனால நாம மத்தவங்களவிட தள்ளி நிக்கணும்னு. சக்கரை வியாதி இருக்கற குடும்பத்துல சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லுங்க. பையனுக்கு கரூர் சார் சொன்னதச் செய்யுங்க, கூட ஒண்ணு, இம்பல்சிவ் பசங்களுக்கு அந்த நேரத்துல யோசிக்க வராது, அதனால முன்கூட்டியே வீட்ல பேசி வெச்சிருக்கணும், கூட்டாளி கூல் லிப் நீட்டுனா என்ன சொல்லுவ, எப்படி அங்கிருந்து கிளம்புவன்னு வாய் விட்டு சொல்ல வெச்சுப் பழக்குங்க. சும்மா ஒரு தடவ இல்ல, வெளையாட்டா அப்பப்ப.

டியூஷன் பக்கத்துல அந்தப் பாக்கெட் விக்கிற கடை எதுன்னு தெரிஞ்சா விடாதீங்க. தமிழ்நாட்டுல குட்கா வகையெல்லாம் 2013லருந்தே தடை. 2024ல மதுரைக் கிளை ஹைகோர்ட்டே இந்த கூல் லிப் பள்ளிப் பசங்ககிட்ட பரவுறதப் பத்தி கேள்வி கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துலருந்து 100 கஜத்துக்குள்ள எந்தப் புகையிலையும் விக்கக்கூடாது, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு எங்கயுமே விக்கக்கூடாது. குழந்தைக்கு போதைப்பொருளோ புகையிலையோ குடுத்தா 2015 சிறார் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். தனியாப் போகாம நாலு பெத்தவங்களா சேர்ந்து ஸ்கூல் மூலமா எழுதிக் குடுங்க. ஆனா மாட்டுன அந்த ரெண்டு பசங்களையும் ஸ்கூல விட்டு அனுப்பாம இருக்கச் சொல்லியும் சேர்த்தே பேசுங்க, படிப்பு நின்னா அந்தப் பசங்க நேரா அந்தக் கடைக்குத்தான் போவாங்க.

இப்ப பொண்ணு. இதுதான் அவசரம். இன்னைக்கே மாமியார் மாத்திரை டப்பாவ உங்க பொறுப்புல எடுத்துக்கோங்க, அட்டைல எத்தன இருக்குன்னு எண்ணி எழுதி வெச்சுட்டு அன்னன்னைக்கு உள்ளத மட்டும் அவங்க கையில குடுங்க. தூக்க மாத்திரை வகை பழகிருச்சுன்னா விடுறது கஷ்டம், உங்க பொண்ணு எப்பவாவதுதான் எடுத்திருக்கான்னு சொல்றீங்க, அப்படின்னா ஆரம்பத்துலயே பாத்துட்டீங்க. தெனமும் எடுத்திருக்கான்னு தெரிஞ்சா நீங்களா சட்டுன்னு நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்றபடி படிப்படியாத்தான் கொறைக்கணும். 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் எடுப்பாங்க. போதைப் பழக்கத்துக்குன்னே தனியா 14446ன்னு ஒண்ணு இருக்கு. நேர்ல காட்டணும்னா உங்க ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்கே போகலாம், மொதல்ல ஒரு தடவ இதயத்துல, தைராய்டுல கோளாறு இல்லன்னு பாத்துருவாங்க, அப்புறம் திருச்சி தம்பிக்குச் சொன்ன மாதிரிப் பயிற்சி. அவங்க அப்பாகிட்டயும் சொல்லிருங்க, ஆனா பொண்ணுகிட்ட சொல்லிட்டு சொல்லுங்க, அவளுக்குத் தெரியாம வேணாம்.

---

பேர்_வேண்டாம்_திருச்சி

அக்கா, ஆஸ்பத்திரிக்கு பொண்ணோட நீங்களும் உள்ள போங்க, ஆனா டாக்டர் தனியாப் பேசணும்னு சொன்னா வெளிய வந்துருங்க. அரைப் பரிட்சை முடியட்டும், லீவு வரட்டும்னு மட்டும் தள்ளிப்போடாதீங்க, அந்தப் பரிட்சைக்கு முந்துன வாரம்தான் அவளுக்கு திரும்பவும் மாத்திரை ஞாபகம் வரும். மாடிப்படி விஷயம் டாக்டர் பார்த்து ஓகே சொன்னப்பறம் ஆரம்பிங்க, மொதல்ல பண்றப்ப அவ பயப்படுவா, நீங்களும் கூடவே ஏறுங்க.

---

செல்வி_திருப்பூர்

திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேனுங்க, கூட்டிட்டுப் போறேன். போயிட்டு வந்து எழுதறேன்.